கான் அடைத்த சதுப்பு

இரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு சதுப்பு இருந்தது. கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். அந்தக் கறுப்பு மண் மழையைக் குடித்து வைத்துக்கொண்டுதான் நாங்கள் குடம் வைத்துப் பிடிக்கிற பீலிக்கு வருஷம் முழுக்கத் தண்ணீர் விட்டது என்று அப்போது யாருக்குத் தெரியும்? பாணுக்கும் அரிசிக்கும் அலைந்த பஞ்ச காலம் அது. சும்மா கிடக்கிற நிலம் கண்ணை உறுத்தியது.

தேயிலை மலையில் பழகியவர்களுக்கு ஈரத்தைக் கண்டால் கை சும்மா இராது, நீர் வடியக் கான் வெட்டச் சொல்லும். என் வீட்டுக்காரரும் நாத்தனார் புருஷனும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடுவே கான் வெட்டி, நீரை ஓடைக்கு வடித்துவிட்டார்கள். நாத்தனார் அதில் போஞ்சிக் கொடி போட்டாள், முதல் போகம் அப்படிக் காய்த்தது. அவள் பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு மண் வற்றி, அமுங்கி, தூளாய்ப் போனது. செத்தையைக் கொளுத்தினோம், தீ மண்ணுக்குள் இறங்கிவிட்டது. மண் எரியும் என்று யார் கண்டது? அடுத்த மழை வரை அடியில் புகைந்துகொண்டே இருந்தது. பீலியும் நின்றது. ஓடைக்கு இறங்கி, குடத்தோடு ஏறி, என் இடுப்பே விட்டுப்போனது.

"கானை அடைச்சிருவோம்" என்றேன்.

நாத்தனார் பாய்ந்தாள். "தண்ணிய வச்சி ஒலை கொதிக்க வைக்கலாம் அண்ணி. ஒலையில என்னத்த போடுறது?"

குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடைக்கு இறங்கினேன். அடுத்த கோடையில் அவளுடைய போஞ்சியும் கருகியது. அப்புறம் அவளே மண்வெட்டியோடு வந்தாள். மூங்கில் முளை அடித்து, புல்லோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிக் கானை அடைத்தோம். மழை உடைக்கும், மறுபடி அடைப்போம். அலுத்துப்போய் ஒருவரோடு ஒருவர் பேசுவதையே விட்டோம். கோரை திரும்ப முளைத்தது. தவளைக்கு வீடு கட்டிக் கொடுத்ததுதான் மிச்சம், பீலி சொட்டவில்லை.

அதற்குள் நாத்தனார் குடும்பத்துக்கு, தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி இந்தியா போகச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அவர்கள் புறப்படுகிற அன்று காலையில்தான் பீலியில் தண்ணீர் நூலாக இறங்கியது. அவளைக் கூட்டி வந்து காட்டினேன். கைக்குழந்தையின் முகத்தைக் கழுவிவிட்டு ஒரு வாய் குடித்தாள்.

"நல்லாருக்கு அண்ணி. நீங்க குடிங்க" என்றாள். "நாங்க போற எடத்துல தண்ணி இருக்குதான்னு ஒருத்தரும் சொல்லலியே."

அழக்கூட எனக்குத் தெம்பில்லை. அவளுடைய பெட்டியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினேன்.