கழுவிக் கொடுத்த கடற்பஞ்சு

கடலுக்குள் இறங்குகிறவன் மேல் கடல் நாறத்தான் செய்யும் என்று தெரிந்துதான் ஒரு சுழியோடியைக் கட்டினேன். மீன் வெடுக்கு, சங்குச் சதை அழுகும் நாற்றம், கப்பல் அடியில் வேலை செய்துவிட்டு வரும்போது எண்ணெய் நாற்றம், எல்லாவற்றுக்கும் என் மூக்கு பழகிவிட்டது. கடற்பஞ்சுக்கு மட்டும் பழகவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விரிவுரையாளர், என்னைவிட இளைய பெண், திருகோணமலைக்கு வந்து என் கணவரைத் தேடிப் பிடித்தார். குடாவின் ஆழத்தில் பாறையோடு ஒட்டிக் கிடக்கும் கடற்பஞ்சு அவருக்கு வேண்டும். ஓடவும் கடிக்கவும் தெரியாத அந்தச் சீவன், தன்னை எதுவும் தின்னாமல் இருக்க உடம்புக்குள் நஞ்சு செய்து வைக்கிறதாம். அந்த நஞ்சிலிருந்து கிருமிகளைக் கொல்லவோ புற்றுநோய்க்கோ மருந்து எடுக்கலாமோ என்று பார்க்கிறார்களாம். எங்கள் குசினிக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தபடி விளக்கினார்.

"இந்தக் கண்றாவியை மனுசர் குடிக்கிறதோ, மிஸ்?" என்று கேட்டேன். சிரித்தார்.

என் கவலை வேறு. கணவருக்கு வலது காது முன்னமே செவிடு. இடது காதுக்கும் இனி ஆழம் ஆகாது, இறங்கினால் அதுவும் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதை மிஸ்ஸிடம் மறைத்துவிட்டார். "இதுதான் கடைசி. வாக்குக் குடுத்திட்டன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கினார். கடற்பஞ்சோடு நல்லபடியாக மேலே வந்தார். நான் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினேன்.

மறுநாள் காலை மிஸ் அதை ஊறவைக்க ஸ்பிரிட்டோடு வருவார், அதுவரை ஐஸ் பெட்டியில் அப்படியே வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மத்தியானத்துக்குள் ஐஸ் கரைந்துவிட்டது. மூடியைத் திறந்தேன். ஈரல் நிறத்தில் ஒரு கட்டி, மேலெல்லாம் மூக்குச்சளி மாதிரி வழிந்தது. அழுகிய உள்ளிப்பூண்டும் செத்த எலியும் சேர்ந்த நாற்றம். ஓங்காளித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன்.

இப்படியொரு அசிங்கத்தை என் வீட்டிலிருந்து படித்த பெண்ணின் கையில் கொடுப்பதா? மீன் வெடுக்குக்குச் செய்வதையே செய்தேன். கல்லுப்புப் போட்டு உரசினேன். பழப்புளி கரைத்து ஊற்றிப் பிசைந்தேன். கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்று வாங்கிய சவர்க்காரத்தில் பாதி கரைந்தது. பிழியப் பிழியச் சளி வந்தது. உள்ளங்கையில் கண்ணுக்குத் தெரியாத முள் ஏறி அரித்தது. ஏழு தண்ணீர் மாற்றி வெயிலில் காயப்போட்டபோது நிறம் வெளுத்து, நாற்றமே இல்லாமல் கிடந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

காலையில் மிஸ் அதைக் கையில் எடுத்ததும் முகம் வாடிவிட்டது.

"அக்கா, கழுவினீங்களோ?"

"ஓம், வடிவாக் கழுவினனான். இப்ப நாறேல்ல."

"அந்தச் சளியும் நாத்தமும்தான் அக்கா எங்களுக்கு வேணும். இதில இனி ஒண்டுமில்ல." பிறகு அவரே, "பரவாயில்ல, விடுங்கோ" என்றார். பாவம், கண் கலங்கியிருந்தது.

"ஏன் விடுவான்? நாளைக்கே எடுத்துத் தாறன்" என்றார் என் கணவர்.

நான் அப்போது வாய் திறந்திருக்க வேண்டும். "இவருக்குக் காது ஏலாது, மிஸ்" என்று ஒரு வார்த்தை போதும். நானோ, எங்கள் வீட்டில் எதையும் சுத்தமாக வைத்துத்தான் பழக்கம் என்று என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் என்னையே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

மறுநாள் வள்ளத்தில் வந்து இறங்கியவரின் இடது காதிலிருந்து இரத்தம் வடிந்திருந்தது. கையில் கடற்பஞ்சு, கழுவாதது, நாறிக்கொண்டிருந்தது.

சில மாதங்கள் கழித்து மிஸ்ஸின் கடிதம் வந்தது. அதன் சாறு சோதனைத் தட்டில் கிருமிகளை வளரவிடவில்லையாம். மருந்தாக இன்னும் எத்தனையோ வருடம் ஆகும், ஆகாமலே போகவும் கூடும், அண்ணைக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். சமையலை விட்டுவிட்டு அவருக்கு வாசித்தேன்.

"சத்தமா வாசி" என்றார். கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்ல செய்தியோ?" என்று கேட்டார்.

ஓம் என்று தலையை ஆட்டினேன். மீனுக்குக் கரைத்த பழப்புளி என் கையில் பிசுபிசுத்தது. அன்றிலிருந்து எனக்குக் குமட்டுவது கடற்பஞ்சைக் கழுவிய அந்தப் பழப்புளிதான்.