எண்ணெய் குடித்த மூலை

கைகள் இரண்டும் தரையோடு தரையாகக் கிடந்தன. வலது கையில் மருந்துப் போத்தல் போன்ற ஒரு சின்னப் போத்தல். அதன் வாயிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் சீமெந்தில் விழுந்தது. இடது கை பக்கத்தில் காத்திருந்தது. சொட்டு கொஞ்ச நேரம் முத்துப் போல நின்றது. பிறகு கறுத்து, பரந்து, உள்ளே போனது. விரல்கள் அந்த இடத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஒரு முழம் தள்ளிப் போய் அடுத்த சொட்டை விட்டன.

தண்ணீரைக் குடிக்கிற தரைதான் பூச்சையும் குடிக்கும். குடிக்காத தரையில் எவ்வளவு உயர்ந்த பூச்சைப் பூசினாலும் அது விருந்தாளி மாதிரித்தான், ஒருநாள் எழும்பிப் போய்விடும்.

தோட்டக் கதவோரம் இருந்த கிழக்கு மூலைக்கு வந்ததும் கைகள் நின்றுவிட்டன. போத்தலை மூடி வைத்தன. சப்பாத்துகளைக் கழற்றி அப்பால் வைத்தன. மற்ற இடமெல்லாம் வைர வட்டு பூட்டிய மெசின் அலறி அலறித் தேய்த்திருக்க, அந்த மூலையை மட்டும் ஒரு துண்டு மண்கடதாசியால், குழந்தைக்கு முதுகு தேய்ப்பதுபோல, கையாலேயே தேய்த்தன. ஈரத் துணியால் துடைத்தன. துடைத்த கை ஒருமுறை நெற்றிக்குப் போய் வந்தது. அங்கே சொட்டு விழவில்லை.

படிக்கட்டில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்ற ஜெயமலர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். 

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் ஆனந்தராசா. வுப்பர்டால் தமிழருக்கு அவர் ‘தரை ஆனந்தன்’. ஜெர்மன்காரருக்கு ‘ஹெர் ராசா’. முழுப்பெயரைச் சொல்லி நாக்கைச் சுளுக்கிக்கொள்ள அவர்களுக்கு மனமில்லை, திருத்த அவருக்கும் நேரமில்லை. எண்பதுகளின் கடைசியில் வந்து இறங்கி, வேலை செய்ய அனுமதியில்லாமல் அகதி முகாமில் சுவரைப் பார்த்துக் கிடந்து, கடைசியில் ஒரு தரை போடும் கொம்பனிக்குச் சாக்குத் தூக்கப் போனவர். சாக்குத் தூக்குகிறவனுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆனால் பழுதாய்ப்போன தரைகளைக் கிளப்பி அள்ளுகிற வேலையும் அவன் தலையில்தான் விழும். அள்ளிய துண்டு ஒவ்வொன்றையும் ஆனந்தராசா திருப்பிப் பார்ப்பார். முதுகில் தூள் ஒட்டியிருந்தால் கூட்டாமல் பூசியிருக்கிறார்கள். முதுகு பளபளத்தால் தேய்க்காமல் பூசியிருக்கிறார்கள். வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தால் கீழேயிருந்து நீர் ஏறியிருக்கிறது. இப்படி மற்றவர்களுடைய தவறுகளின் முதுகைப் படித்தே தொழிலாளியானார். இப்போது சொந்தமாக ஒரு வான், இரண்டு மெசின். பழைய வீடுகளின் நிலவறைகள் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

இந்த நிலவறை அவருடைய பழைய நண்பர், ஜெயமலரின் கணவர் கணேசலிங்கத்தினுடையது. மலைச்சரிவில் நிற்கிற, உலக யுத்தத்துக்கு முந்திய வீடு. தெருப் பக்கம் ஏறிப்போக நெடும் படிகள். பின்பக்கம் நிலவறையின் கதவைத் திறந்தால் தோட்டம் சமதளமாய்க் கிடக்கும். ஒருகாலத்தில் நிலக்கரி கொட்டிவைத்த அறை. சீனி வருத்தம் முற்றிக் கணேசலிங்கத்தின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது றேஹா என்கிற மறுவாழ்வுக் கிளினிக்கில் சக்கரக் கதிரை பழகுகிறார். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் படியில்லாத அறை ஒன்று தயாராக வேண்டும், இல்லாவிட்டால் தற்காலிகமாக ஒரு முதியோர் இல்லத்துக்குத்தான் அனுப்புவோம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள்.

“தற்காலிகமெண்டு போன ஆரும் திரும்பி வந்ததை நான் காணேல்லை” என்று கணேசலிங்கம் தொலைபேசியில் சொன்னாராம். அன்றைக்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டைத் தொடாமலே திருப்பி அனுப்புகிறாராம். மகள் மிதுஷா அழுதுகொண்டுதான் ஆனந்தராசாவைக் கூப்பிட்டாள். “மாமா, எங்கடை கெல்லரை, அந்த நிலவறையை, அறையாக்க ஏலுமோ?” நடந்துகொண்டிருந்த வேறு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அவர் அன்றே வந்து, தரையில் பிளாஸ்ரிக் தாளை ஒட்டி ஈரம் பார்த்தார். கொஞ்சம் ஈரம் மேலே வருகிறது. ஆனால் மூச்சு விடுகிற மெல்லிய பூச்சு போட்டால் தாங்கும். “ஏலும்” என்றார்.

வெளியே சொல்லாதது ஒன்று உண்டு. வேறு எந்த வீடாக இருந்தாலும் அவர் இப்படி ஓடி வந்திருக்க மாட்டார்.

கோயில் என்று ஒன்று இந்த நகரத் தமிழருக்கு இல்லாத காலத்தில், இந்த நிலவறைதான் கோயில். ஒரு சாண் உயரப் பிள்ளையார், யாரோ ஒருவருடைய பெட்டிக்குள் சேலை சுற்றி வந்து, கிழக்கு மூலையில் பால்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்ட பீடத்தில் அமர்ந்தார். வெள்ளிக்கிழமை மாலையானால் படிக்கட்டு முழுக்கச் சப்பாத்து. நனைந்த குளிர்கால அங்கிகளின் வாசமும், கற்பூர வாசமும், சுவரிலிருந்து போகவே போகாத நிலக்கரி வாசமும் கலந்து ஒரு வாசம். இப்போதும் மழை நாளில் எங்காவது பழைய நிலவறைக்குள் இறங்கினால் ஆனந்தராசாவுக்கு வாய் தானாகத் தேவாரத்துக்குத் தயாராகும். புகையைக் கண்டு தீயணைப்புக்கு அடிக்கப் போன பக்கத்து வீட்டுக் கிழவிக்கு ஜெயமலர் ஒரு தட்டு வடை கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த வெள்ளி கிழவி, புகை எப்போது வருமென்று கேட்டுக்கொண்டு தானே வந்துவிட்டாள்.

விளக்குக்கு எண்ணெய் விடுவது ஆனந்தராசாவின் வேலை. நல்லெண்ணெய்க்கு எங்கே போவது? மலிவுக் கடைச் சூரியகாந்தி எண்ணெய்தான். திரி அணைந்துவிடக்கூடாதே என்று எப்போதும் ஒரு கை கூடத்தான் விடுவார். வழியும். வழிந்ததில் அபிஷேகப் பாலும் சேரும். அப்போது அவர் தனி ஆள். நான்கு பேர் படுக்கிற அறையில் கிழமை முழுக்க அவரோடு யாரும் ஒரு சொல் பேசாமல் போகலாம். வெள்ளிக்கிழமை மட்டும் இந்தப் படியில் இறங்கினால், “ஆனந்தண்ணை, சாப்பிட்டனீங்களோ?” என்று ஒரு குரல் கேட்கும். அது ஜெயமலரின் குரல்.

இப்படியொரு மூலையில் சப்பாத்துக் காலோடு ஏறி, அலறுகிற மெசினை வைத்து அரைக்க யாருக்குக் கை வரும்?

வராததன் பலன் அடிப்பூச்சுப் பூசிய மறுநாள் காலையில் தெரிந்தது. தரை முழுக்க ஒரே சீராய்ப் படிந்திருந்தது. கிழக்கு மூலையில் மட்டும், ஒரு சுளகு அகலத்துக்கு, பூச்சு விலகி விலகி ஓட்டை ஓட்டையாய் நின்றது.

“ஐயோ, தோசை மாதிரிக் கண் விட்டிருக்கு!” என்றாள் ஜெயமலர்.

ஆனந்தராசா குந்தியிருந்து நகத்தால் சுரண்டினார். தோல் மாதிரி எழும்பி வந்தது. திருப்பிப் பார்த்தார். முதுகு மஞ்சளாய், பிசுபிசுப்பாய் இருந்தது. மூக்குக்குக் கொண்டுபோனார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது சிக்கு வாடை அடிக்கிற எண்ணெய்தான்.

“அண்ணை…” ஜெயமலர் குரலைத் தாழ்த்தினாள். “இந்த இடத்தை மூட வேண்டாமெண்டு சாமி சொல்லுதோ?”

“சாமி ஒண்டும் சொல்லேல்லை, தங்கச்சி. எண்ணெய்தான் சொல்லுது.”

“நீங்கள் மெசின் வைக்காமல் கையாலை தேய்ச்சதை நான் பார்த்தனான். சொல்லுவமோ எண்டு நினைச்சன். பிறகு எனக்கும் அதுதான் மனசுக்குப் பிடிச்சிருந்தது.”

“ரெண்டு பேருமாச் சேர்ந்து நல்லாத்தான் கெடுத்திருக்கிறம்.”

மேலே இன்னும் இரண்டு பூச்சுப் போட்டு மறைத்துவிடலாம். வெள்ளிக்கிழமை பார்க்க அழகாய் இருக்கும். ஆனால் கட்டிலிலிருந்து தோட்டத்துக்குப் போகிற சக்கரக் கதிரை திரும்புகிற இடமே அதுதான். ஒரு மாதத்தில் சில்லு தோலை உரித்துவிடும். ஒற்றைக் காலோடு இருக்கிற மனிதன் உரிந்த விளிம்பில் இடறினால்? செய்யவேண்டியது தெளிவு: எண்ணெய் ஊறிய சீமெந்தை உளியால் கொத்தி அள்ளிவிட்டு, புதுச் சாந்து வைத்து நிரப்ப வேண்டும். இன்றைக்கே தொடங்கினால்தான் வெள்ளிக்கு முடியும். உளியை எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார்.

“அவரிட்டைக் கேளுங்கோ” என்று ஜெயமலர் கைபேசியை நீட்டினாள்.

திரையில் கணேசலிங்கம் மெலிந்து, சவரம் செய்யாத முகத்தோடு வந்தார். விசயத்தை முழுக்கக் கேட்டார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாராக்கும் என்று ஜெயமலர் பதறினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“டேய் ஆனந்தன், அந்த எண்ணெய் முழுக்க ஆர் ஊத்தினது?”

“நான்தான் மச்சான்.”

“அப்பவே சொன்னனான், பிள்ளையாருக்கு விளக்கு வைக்கிறியோ, வடை சுடுறியோ எண்டு. கேட்டியோ? இப்ப உன்ரை எண்ணெய் உனக்கே வேலை தருது.”

“பகிடியை விடு. அதிலை நான் உளி வைக்கவோ? அதைச் சொல்லு.”

கணேசலிங்கத்தின் முகம் அமைதியானது. “சாமியைப் புதுக் கோயிலுக்குக் கொண்டு போன அண்டைக்கு ஐயர் என்ன செய்தவர்?”

“கும்பம் வச்சவர்.”

“வச்சு, மந்திரம் சொல்லி, சாமியைக் கும்பத்துக்குள்ளை எடுத்தவர். கொட்டுற மழைக்குள்ளை கும்பத்துக்குக் குடை பிடிச்சது ஆர்? நீ. அதிலை இருந்தவர் உன்ரை குடைக்குக் கீழை நடந்து போட்டார். இப்ப அங்கை கிடக்கிறது சூரியகாந்தி எண்ணெய் மட்டும்தான். கொத்து.”

ஆனந்தராசாவுக்கு அந்த மழை ஞாபகம் வந்தது. குடை முழுவதும் கும்பத்துக்கு. தான் தொப்பலாய் நனைந்து, நகரத்தின் தலைக்கு மேலே ஓடுகிற தொங்கு ரயிலுக்குக் கீழே ஊர்வலமாய் நடந்ததும், பார்த்து நின்ற ஜெர்மன் பொலிஸ்காரன் தொப்பியைக் கழற்றியதும் ஞாபகம் வந்தன. அந்த நாளை அவர் மறக்கவில்லை. மழையையும் ஊர்வலத்தையுமே நினைத்துக்கொண்டு, அன்றைக்கு இந்த மூலை வெறுமையானது என்பதை மட்டும் எண்ணிப் பார்க்காமல் இருந்திருக்கிறார்.

“வெள்ளிக்குள்ளை முடியுமோ?” என்று கேட்டபோதுதான் கணேசலிங்கத்தின் குரல் உடைந்தது. “என்னை அந்த முதியோர் இல்லத்திலை விட்டிடாதையுங்கோ.”

“நீ முதல்லை சாப்பிடு. நான் தரையைப் பார்க்கிறன்.”

ஆனந்தராசா சப்பாத்தைப் போட்டு நாடாவை இறுக்கினார். உளி இறங்கியது. மேல் சீமெந்து தேன் நிறத்தில் உடைந்தது. உள்ளே போகப் போக நிறம் வெளிறியது. இரண்டு விரல் ஆழத்தில் சாம்பல் நிறம் வந்ததும் போத்தலை எடுத்துச் சொட்டு விட்டார். நின்றது. இன்னும் கொத்தினார். மறுபடி விட்டார். இம்முறை சொட்டு தயங்கி, கறுத்து, உள்ளே போனது. நிமிர்ந்து முதுகை நீட்டினார்.

“இந்தத் துண்டுகளை என்ன செய்யிறது?” ஜெயமலர் வாளியைப் பார்த்துக் கேட்டாள். “குப்பையிலை போட மனமில்லை. ஆத்திலை விட்டால்?”

“விட்டால் நகரசபைக்காரன் தண்டம் எழுதித் தருவான்.”

கடைசியில் அப்பிள் மரத்தின் அடியில், வேலியோரம், அவள் தானே ஒரு குழி தோண்டிப் போட்டு மூடினாள்.

சீக்கிரம் இறுகும் சாந்து வைத்து, மட்டப் பலகை போட்டு இழுத்து, இறுகியபின் விளிம்பைத் தேய்த்தார். இம்முறை மெசினாலேயே தேய்த்தார். மறுபடி அடிப்பூச்சு. மறுநாள் விடிந்ததும் வந்து பார்த்தார். ஒரு கண்கூட விடவில்லை. அதன்மேல் மணல் நிறத்தில் இரண்டு பூச்சு. ஈரத்தில் வழுக்காமலிருக்க இரண்டாவது பூச்சில் மெல்லிய மணல் மணி கலந்தார். கதவு நிலையில் இருந்த சின்ன உயர்வையும் விடாமல், சில்லு தட்டாமல் ஏற ஒரு சரிவு வைத்தார். வெப்பம் குறையாமல் ஹீற்றரை எரியவிட்டு, தரை காயும்வரை ஜெயமலரைக்கூட உள்ளே விடவில்லை. அவள் கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மிதுஷா தகப்பனைத் தோட்டப் பாதையால் தள்ளிக்கொண்டு வந்தாள். கணேசலிங்கம் சவரம் செய்திருந்தார். கதவடியில் கதிரையை நிறுத்தி, தரையைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் அதில் சாய்ந்து கிடந்தது.

ஆனந்தராசா குனிந்து, பழக்கதோஷத்தில், கிழக்கு மூலையில் ஒரு சொட்டு விட்டார். சொட்டு முத்தாய் நின்றது. கை விரலால் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஒண்டு சொல்லுறன் கேள். உள்ளே இன்னும் முழுசா இறுகேல்லை. ஒரு கிழமைக்கு நிண்ட இடத்திலை கதிரையைச் சுழட்டக்கூடாது. அகலமா வளைச்சுத்தான் திரும்போணும்.”

“ஓம் ஐயா, விளங்குது ஐயா” என்றார் கணேசலிங்கம். மகளின் கையைத் தட்டிவிட்டு, சில்லுகளைத் தானே தள்ளினார். கதிரை சரிவில் ஏறி, தட்டாமல் உள்ளே இறங்கியது. சுவரோரமாய்ப் போய், கிழக்கு மூலையை அகலமாய் வளைத்து, இடமிருந்து வலமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, புறப்பட்ட கதவடிக்கே வந்து நின்றது.  ஜெயமலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“சத்தமே வரேல்லையடா” என்றார் கணேசலிங்கம்.

“வராது.”

ஆனந்தராசா மிச்சப் பூச்சு டப்பாவை மூடி இறுக்கி, அறையின் எதிர் மூலையில் வைத்தார். கை துடைத்துக்கொண்டு வந்து, சட்டைப்பையிலிருந்து தோட்டக் கதவின் திறப்பை எடுத்து நண்பனின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையை மூடிவிட்டார்.

“சாப்பிட்டனீங்களோ அண்ணை?” என்றாள் ஜெயமலர் பின்னாலிருந்து.