முன்னிருக்கையை மூடி வைத்தவர்

லாரி இருக்கை ஒன்றுக்கு நான் உறை தைத்துக்கொண்டிருந்தபோது பாலா தொலைபேசியில் அழைத்தார்.

"அக்கா, அந்தோணி அண்ணே போயிட்டாருக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்பவே மூச்சு நின்னுருச்சு."

 தையல் இயந்திரத்தின் ஊசி துணியில் இறங்கியபடியே நின்றது.

ஈப்போவில் வாழ்ந்து மறைந்த திரு. அந்தோணிசாமி அவர்களை அறிந்தோர், இக்கட்டுரையில் பிழை கண்டால் பொறுத்தருள்க. அறியாதோர்க்கு ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்த விரும்புகிறேன். இறுதிச் சடங்கில் வைக்கப்பட்ட மலர்வளையம் ஒன்றில் 'விமானி' என்று எழுதியிருந்தார்கள். அன்னார் விமானியல்லர். விமானங்களைப் பழுதுபார்த்தும் பரிசோதித்தும் தம் பணிக்காலம் முழுவதையும் கழித்தவர். தம்மை விமானி என்று யாரேனும் சொன்னால் உடனே மறுத்துவிடுவார். உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம், அவரை நேசித்தவர்களையும் சில வேளைகளில் வருத்தியது.

எனக்கு அவர் அறிமுகமானது ஒரு விமானத்தின் பொருட்டு. சித்தியவான் செல்லும் வழியிலுள்ள எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இன்று லாரி நிறுவனம் நடத்துபவர் பாலா. விமானம் ஓட்டக் கற்று உரிமமும் பெற்றவர். போர்க்காலத்தில் பயிற்சிக்குப் பயன்பட்ட, இரட்டை இறக்கையும், ஓட்டுபவர் பின்னாலும் பயணி முன்னாலும் அமரும் இரண்டு திறந்த இருக்கைகளும் கொண்ட விமானம் ஒன்றை, வரைபடங்களைத் துணைக்கொண்டு அவர் புதிதாகக் கட்டினார். சட்டகம் புதியது, இயந்திரம் இக்காலத்தது, உருவமும் வண்ணமும் மட்டுமே அக்காலத்தவை. ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை வந்த பிறகு, மருந்து தெளிக்கும் விமானங்களுக்காகப் போட்ட மண் ஓடுபாதை அங்கே எஞ்சியிருந்தது. கட்டுமானத்தை மேற்பார்வையிட, ஓய்வுபெற்றிருந்த அந்தோணிசாமி அண்ணனை அழைத்தார்கள். இறக்கைகளுக்குத் துணி போர்த்தித் தைக்க, ஈப்போவை அடுத்த லகாட்டில் குஷன் கடை வைத்திருக்கும் என்னை அழைத்தார்கள்.

முதல் நாள் நான் போட்ட தையலை அண்ணன் பிரிக்கச் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது சோபா இல்லலா. காத்து உள்ள பூந்தா துணிய உரிச்சுப் போட்டுரும்."

பிரித்தேன். மறுபடியும் பிரிக்க நேர்ந்தது. பிறகு அவர் பிரிக்கச் சொல்லவில்லை, பாராட்டவுமில்லை.

விமானம் மிகப் புதிதாகத் தெரிகிறது என்பது பாலாவின் குறை. குண்டு துளைத்த இடங்களைத் தைத்து அடைத்ததுபோல் இறக்கையில் ஆங்காங்கே ஒட்டுத்துணி வைக்கச் சொன்னார். நானும் அழகாகவே வைத்தேன். மறுநாள் வந்து பார்த்த அண்ணனின் முகம் மாறிவிட்டது.

"குண்டு படாத எடத்துல தையல் எதுக்கு? நாளைக்கு நெசமா கிழிஞ்சா, சோதிக்கிறவன் அதையும் அலங்காரம்னு நெனச்சு விட்டுட மாட்டான்?"

 ஒட்டுகள் அனைத்தும் அன்றே நீங்கின.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு, வெளியூர்களுக்குச் சிதறிப்போன குடும்பங்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடுவது வழக்கம். அவ்வமயம் விமானத்தைக் காட்சிக்கு வைப்பதென முடிவாயிற்று. பார்ப்பவர் ஏமாறாதிருக்க ஓர் அறிவிப்புப் பலகை வேண்டும் என்றார் அண்ணன். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று, பின்னர் நூலகமே பள்ளியாகத் தமிழ் பயின்றவள் நான். 'மூலமன்று, ஒப்புருவ விமானம்' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சொற்கள் பிழையற்றவை என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன்.

அண்ணன் பலகையைப் பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "புலவரம்மா, மூலம்னா சனங்க வேற நோயைத்தான் நெனைக்கும்."

ஆயினும் பலகை அப்படியே வைக்கப்பட்டது. அவர் அஞ்சியது வேறொரு சொல்லில் நிகழ்ந்தது. தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த பெரியசாமி ஐயா மகள் செல்வியின் கையைப் பிடித்தபடி வந்தார். அவர் சிறுவனாயிருந்தபோது இதே வகை விமானம் ஒன்று தோட்டத்துத் திடலில் இறங்கியதாம். சுற்றி நின்ற பிள்ளைகளை இறக்கையைத் தொட்டுப் பார்க்க விட்டாராம் அதை ஓட்டி வந்தவர். அவ்வளவுதான், அதில் ஏறிப் பறக்கும் ஆசை எழுபது, எண்பது ஆண்டுகளாக அவருடனேயே மூப்படைந்திருந்தது. ஐயா பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஒப்புன்னு போட்டிருக்கே. கவர்மெண்டு ஒப்புக்கிட்டிருச்சுதானே? அப்புறம் என்னலா, ஏத்துங்க!"

"அந்த ஒப்பு இல்லீங்க ஐயா. இது ஒரிஜினல் மாதிரி நாங்க செஞ்சது" என்றார் அண்ணன்.

"மாதிரி போதும்பா. நானும் இப்ப மனுசன் மாதிரிதான் இருக்கேன்."

கூடியிருந்தோர் அனைவரும் சிரித்தனர். அண்ணனும் சிரித்தார். ஆயினும் ஏற்றவில்லை.

பாலா கெஞ்சினார். "ஒரே ஒரு சுத்துண்ணே. காசா வாங்கப் போறோம்? இந்தச் சின்ன விசயத்தப் போயி சூசா பண்ணாதீங்கலா."

"சோதனைப் பறப்பெல்லாம் முடியிற வரைக்கும் ஓட்டுறவன் மட்டுந்தான் ஏறணும். அதுதான் விதி. அதுக்கப்புறமும் காசுக்கு ஆள் ஏத்தக் கூடாது. நன்கொடைன்னு உண்டியல்ல போட்டாலும் டிக்கெட்டு டிக்கெட்டுதான்." பின்பு ஐயாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "சோதனை முடியட்டும். மொத ஆள் நீங்கதான். இப்ப வேணும்னா எறக்கையத் தொட்டுப் பாருங்க ஐயா."

"தொட்டுப் பாக்குறது அப்பவே ஆச்சுப்பா" என்று சொல்லிவிட்டு, ஐயா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அந்த வாரமே அண்ணன் என் கடைக்கு வந்து, முன்னிருக்கையை முழுவதும் மூடிக் கயிற்றால் இறுக்கிக் கட்டும்படி ஒரு கித்தான் உறை தைக்கச் சொன்னார். அதன்மேல் சிவப்பு நூலால் என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்: 'இது ஒரிஜினல் இல்ல. நாங்க செஞ்சது. சோதனை முடியல. ஏறாதீங்க.'

"இதெல்லாம் எழுத்துத் தமிழா அண்ணே?" என்று கேட்டேன்.

"ஒங்க தமிழ் அழகாத்தான் இருக்கு புலவரம்மா. ஆனா அது ஆள ஏத்தப் பாத்துச்சே!"

மனம் ஒப்பாமலே தைத்துக் கொடுத்தேன்.

மழைக்காலம் வந்தது. பாலாவுக்கும் ஓய்வு கிடைக்கவில்லை. சோதனைப் பறப்புகள் தள்ளிப்போயின. அதற்குள் பெரியசாமி ஐயா இயற்கை எய்தினார். துக்க வீட்டில் செல்வி அண்ணனிடம் வந்து நின்றார். அவர் குரலில் கோபமில்லை.

"எப்ப முடியும், எப்ப முடியும்னு அப்பா கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாருண்ணே. ஒரு சுத்து சுத்தியிருக்கலாம்ல?"

அண்ணன் தலைகுனிந்து நின்றார். விதியை விளக்கவில்லை.

அதன்பின் நான் கண்ட அண்ணன் வேறொருவர். சோதனைகள் மீண்டும் தொடங்கியபின், விமானம் பறந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் இயந்திர மூடியைத் திறந்து, கைவிளக்கை அடித்து நெடுநேரம் ஆராய்வார். அது அவர் கடமையே. ஆனால் எதையாவது கண்டுபிடித்துவிட மாட்டோமா என்று அவர் ஏங்கித் தேடுவதுபோல் எனக்குத் தோன்றும். ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டு என்னருகே வந்து அமர்ந்தார்.

"ஒண்ணுமே இல்ல புலவரம்மா. ஒரு சொட்டு ஒழுக்கு இல்ல. எல்லாப் பறப்பும் சுத்தம். அவர ஏத்தியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"அப்ப அது ஒங்களுக்குத் தெரியாதுல்ல அண்ணே."

"தெரியாது. அதனாலதான் ஏத்தல. இப்பத் தெரியுது. அதனாலதான் தூக்கம் வரல."

அவர் என்னிடம் மனம் திறந்து பேசியது அந்த ஒருமுறைதான். எஞ்சிய சோதனைகள் முடிவதற்குள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

நல்லடக்கம் முடிந்த சில நாள்களில் பாலா கடைக்கு வந்தார், கித்தான் உறையோடு. அவர் கண்கள் சிவந்திருந்தன. அவருடைய துயரம் பொய்யன்று. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் நினைவாக மக்களை விமானத்தில் ஏற்றிச் செல்லப் போவதாகவும், விரும்பியவர் நன்கொடை தரலாம் என்றும், முதலில் ஏறப்போவது செல்வி என்றும் சொன்னார். அழைப்பிதழில் 'போர் கண்ட விமானம்' என்று அச்சாகியிருந்தது. உறையிலுள்ள எழுத்துகளைப் பிரித்துவிட்டு, 'அந்தோணிசாமி நினைவுப் பறப்பு' என்று தைத்துத் தர வேண்டும் என்றார்.

அழகிய தொடர். நானே எழுதியிருக்கக்கூடிய தொடர். கத்திரிக்கோலை எடுத்து, 'இது' என்ற முதற்சொல்லின் மீது முனையை வைத்தேன். பிரிக்க இயலவில்லை. ஞாயிறன்று காலையில் உறையை அப்படியே கொண்டுபோய் முன்னிருக்கையின் மேல் விரித்து, அண்ணன் கட்டும் முறையிலேயே கயிற்றை இறுக்கினேன். பாலா பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, அத அவுக்க எனக்கு ரெண்டு நிமிசம் போதும்லா."

"போதும். ஆனா அவுக்குறதுன்னா, அழைப்புலேர்ந்து அண்ணன் பேர எடுத்துட்டு அவுத்துக்குங்க."

அவர் கயிற்றில் கை வைக்கவில்லை. பிறகு நன்கொடைப் பெட்டியைக் காருக்குள் வைத்துவிட்டு, பின்னிருக்கையில் தனியாக ஏறினார். விதிப்படி அது மற்றுமொரு சோதனைப் பறப்பு, அவ்வளவே. விமானம் செம்பனைகளுக்கு மேலே எழுந்து, கோயிலைச் சுற்றி, எவ்விதக் குறையுமின்றி மீண்டும் எங்கள் தலைக்குமேல் வந்தது.

என்னருகில் நின்ற செல்வி, கைக்குட்டையை நெற்றியில் பிடித்து அண்ணாந்து பார்த்தார்.

"முன்சீட்டு காலியாத்தானே போவுது அக்கா" என்றார்.

அண்ணே, செல்விக்கு அன்று துக்க வீட்டில் உங்களிடம் விடையில்லை; இன்று ஓடுபாதையில் என்னிடமும் இல்லை. கீழிருந்து பார்த்தால் உறையும் தெரியவில்லை, நீங்கள் எழுதச் சொன்ன சிவப்பு எழுத்துகளும் தெரியவில்லை. ஆனால் அவற்றில் ஓர் எழுத்தும் பிரிபடவில்லை. சென்று வாருங்கள். எஞ்சிய பறப்புகள் முடியும்வரை அந்த முடிச்சை நான் பார்த்துக்கொள்கிறேன்.