உள்ளே போன தடம்

என் அண்ணிக்கு வேலை, கடற்கரை மணலைச் சமப்படுத்துவது. கேட்டால் சிரிப்பீர்கள், நானும் சிரித்தவள்தான். எங்கள் சரணாலயம் பாதி கடற்கரை, பாதி சவுக்குக் காடு. இரவில் ஆமைகள் கரையேறி முட்டையிடும். சாயங்காலம் ஆட்கள் போனதும் அண்ணி வாரியால் மணலை இழுத்துவிட்டால்தான் காலையில் ஆமை வந்த தடம் தெரியும். முட்டை இருக்கும் இடத்தில் வேலி போட்ட பிறகே நான் வாசலில் டிக்கெட் கொடுக்க ஆரம்பிப்பேன்.

அண்ணன் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதவன். படகு மட்டும் கரை ஒதுங்கியது. அதற்கப்புறம்தான் அண்ணி இந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். ஆமைக்காக இல்லை என்பது ஊருக்கே தெரியும். “அவரு வந்தா தடம் தெரியணும்ல” என்பாள். போனவன் போனவன்தான், வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் கடலுக்கு எந்தக் காலத்தில் இருந்தது என்று வெடுக்கென்று கேட்பேன். வாரியைத் தூக்கிக்கொண்டு மணலுக்குப் போய்விடுவாள். அழுத்தக்காரி.

போன மாதம் ஒரு காலை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பாய் விரித்ததுபோல் கிடந்த மணலில், அலை விளிம்பிலிருந்து ஒரே ஒரு காலடி வரிசை ஏறிச் சவுக்குக் காட்டுக்குள் போயிருந்தது. வெறுங்கால். வலது காலில் சுண்டுவிரல் இல்லை.

அண்ணனுக்கும் அந்த விரல் இல்லை. நங்கூரக் கயிறு கொண்டுபோனது.

எவனோ விளையாடியிருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தவள், தடத்தின் பின்னாலேயே நடந்தேன். காட்டு விளிம்பில் சருகு மெத்தையாகக் கிடந்தது. தடம் அதோடு நின்றுவிட்டது. அண்ணே என்று கூப்பிட்டுப் பார்த்தேன். சவுக்குதான் இரைந்தது.

அண்ணி வாரியை மரத்தில் சாய்த்து வைத்தாள்.

“வந்துட்டாரு. எனக்கு அது போதும்.”

அன்றே வேலையை விட்டாள். இப்போது வேளைக்குச் சாப்பிடுகிறாள், படுத்ததும் தூங்குகிறாள்.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. உள்ளே போன தடத்தைப் பார்த்தேனே தவிர, வெளியே வந்ததைப் பார்க்கவில்லை. காட்டைச் சுற்றிப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருகிறவர்களிடம் டிக்கெட்டை நீட்டும்போதெல்லாம், உள்ளே யாரையாவது பார்த்தால் வந்து சொல்லுங்கள் என்று கேட்க நாக்கு துடிக்கிறது.

மணல் வேலைக்கு ஆள் அகப்படவில்லை என்றார்கள். சாயங்காலம் நானே இழுக்கிறேன் என்றேன். காட்டு விளிம்பையும் சேர்த்து இழுக்கிறேன். ஆமை அங்கெல்லாம் ஏறாதே என்று மேலதிகாரி கேட்டார். வாரியை இன்னும் கொஞ்சம் உள்ளே போட்டு இழுத்தேன். காலையில் போனால் ஆமைத் தடம் இருக்கிறது, நண்டுத் தடம் இருக்கிறது. கட்டினவளுக்காகக் கடலைத் தாண்டி வந்தவன், கூடப் பிறந்தவளுக்காகக் காட்டை விட்டு ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாதா?