கடையின் நாக்கு

குழம்பு கொதி வந்ததும் மாஸ்டர் அடுப்பைத் தணிப்பார். கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, வலப்பக்கம் நீட்டுவார். கண் சட்டியை விட்டு அகலாது. நீட்டிய இடத்தில் ஓர் உள்ளங்கை காத்திருக்கும்.

அது நாக்குக்காரருடைய கை. மாஸ்டரின் பால்ய நண்பர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவருக்கு இப்போது யாரும் இல்லை.

மாஸ்டர் பிறந்த வழியில் இறைச்சி வாயில் படக்கூடாது. அவர் நடத்துவதோ இறைச்சிச் சாப்பாட்டுக் கடை. பாத்திரம் கழுவ வந்தவர். முதலாளி கடையை விட்டுப் போனபோது அடுப்படியைப் பிரிய மனம் வராமல் தானே எடுத்துக்கொண்டார். "திங்கக்கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்க. கிண்டக்கூடாதுன்னு எங்கயும் சொல்லல" என்பார். அந்த வாதம் அவருடைய அக்காவிடம் எடுபடவில்லை. தம்பி வீட்டுக்கு வரும்போது அக்கா கையோடு தண்ணீர் பாட்டில் கொண்டுவருவாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதையே குடித்துவிட்டு எழுந்து போவாள்.

சமையலுக்கு மாஸ்டருக்கு மூக்கும் காதும் போதும். இறைச்சி வெந்துவிட்டதைக் கொதியின் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். உப்பு மட்டும் சத்தம் போடாது. அதற்குத்தான் நண்பர்.

நாக்குக்காரர் வேறு நம்பிக்கைக்காரர். அவருக்கும் விதி உண்டு. தன் வழிப்படி அறுத்த இறைச்சிதான் ஆகும். அதனால் கடைக்கு வேண்டியதை அவரே காலையில் வாங்கிவந்து கொடுப்பார். பிறகு வீட்டுக்குப் போய்க் குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு ருசி பார்க்க வருவார். அவருடைய நம்பிக்கையைச் சேர்ந்த ஆட்கள் கடைக்குள் நுழைந்து எதையும் விசாரிப்பதில்லை. சமையலறை ஜன்னல் வழியே அவர் உள்ளங்கையை நக்குவதைப் பார்த்துவிட்டால் நேரே சாப்பிடக் கை கழுவப் போய்விடுவார்கள்.

"எப்படிடா?"

"ஒன்ன மாதிரிதான். சப்புன்னு இருக்கு."

"நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. உப்பா, காரமா?"

"உப்பு. தாராளமாப் போடு. ஒங்கப்பன் வீட்டு சொத்தா கரையப்போகுது?"

இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷம் நாக்குக்காரருக்குத் தொண்டையில் கட்டி. கதிர்வீச்சு கொடுத்துக் கரைத்தார்கள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கடையில் காய்கறிச் சாப்பாடு மட்டும்தான். திட்டியவர்களிடம், "ருசி பாக்க ஆளில்ல" என்று மட்டும் சொன்னார் மாஸ்டர்.

திரும்பி வந்தபோது நாக்குக்காரரின் கழுத்து சட்டைக் காலருக்குள் ஆடியது.

"நாக்கு பழையபடி இருக்காடா?"

"அதுக்கென்ன கேடு."

ருசி பார்த்தார். உப்பு போடச் சொன்னார். மாஸ்டர் போட்டார். இன்னும் போடச் சொன்னார். போட்டார்.

அன்று மதியம் மேசைகளில் தண்ணீர் ஜக்குகள் வைக்க வைக்கக் காலியாயின. தட்டுகள் பாதிச் சோற்றோடு திரும்பி வந்தன. எப்போதும் வரும் லாரி டிரைவர், "என்ன மாஸ்டர், கடலக் கொண்டாந்து கவுத்துட்டீங்களா?" என்றார். மாஸ்டர் சமையலறை ஜன்னலைச் சாத்தினார். உள்ளே, அதே குழம்பை ஊற்றிப் பிசைந்து, நாக்குக்காரர் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த தண்ணீரைத் தொடவே இல்லை.

மறுநாளிலிருந்து ஏற்பாடு மாறியது. கடையில் பாத்திரம் கழுவும் அம்மாளுக்கு சாப்பாட்டில் எந்த விலக்கும் கிடையாது. நாக்குக்காரர் குளிக்கப் போயிருக்கும் நேரத்தில் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொல்லைப்பக்கம் போகும். கடையில் வாடிக்கையாகச் சாப்பிடும் நான் அங்கே கை கழுவப் போனபோது ஒருநாள் என் காதில் விழுந்தது இது:

"பேசாம அவர்கிட்ட சொல்லிடலாம்லண்ணே? எத்தன நாளைக்கு இந்தத் திருட்டுத்தனம்?"

"சொன்னா நாளைக்கு வரமாட்டான்."

"ஒடம்பு முடியாத மனுசன், வீட்ல இருக்கட்டுமே."

"வீட்ல அவனுக்கு யாரு இருக்கா? பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா. செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான்." "நீ உப்ப மட்டும் சொல்லும்மா."

"அளவா இருக்கு. இனிமே ஒரு கல்லுகூட வேணாம்."

நேற்றும் நாக்குக்காரர் குளித்துவிட்டு வந்தார். படி ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவருடைய ஆட்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாஸ்டர் கரண்டியை ஊதி நீட்டினார். நண்பரின் உள்ளங்கையைத் தன் இடது கையால் கீழிருந்து தாங்கிக்கொண்டு ஊற்றினார். நாக்குக்காரர் நக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, இருட்டில் சாவியைத் தேடுகிறவர் போல வெகுநேரம் நின்றார்.

"எப்படிடா?"

"கம்மி" என்றார். "ஒரு சிட்டிகை போடு."

மாஸ்டர் உப்பு டப்பாவுக்குள் கையை விட்டு நன்றாக அளைந்தார். எடுத்ததை உள்ளேயே உதிர்த்தார். வெறும் விரல்களைச் சட்டிக்கு மேலே கொண்டுவந்து, நண்பர் பார்க்கும்படி, மெதுவாகத் தேய்த்தார்.