தேதி மாற்றும் கட்டணம்

சோமனூரில் எங்கள் வீதியில் யாருக்கு எந்த பில்லில் சந்தேகம் வந்தாலும் சென்னகேசவனைத்தான் கூட்டிப்போவோம். தறி ஓட்டுகிறவர். பேச்சு மெதுவாகத்தான் வரும். ஆனால் அநியாயமாக ஒரு வரி கூடியிருந்தால் எதிராளியை விடமாட்டார். என் மனைவியின் ஆபரேஷன் பில்லில், போடாத ஊசிக்கு வாங்கிய பணத்தைத் திருப்பி வாங்கித் தந்தவர். அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அவருடைய ஒரே மகள் நவ்யா சார்ஜாவில் இருந்தாள். தலைப்பிரசவம். ரத்தக் கொதிப்பு இருந்ததால் இங்கே வர முடியவில்லை. அம்மா பங்காரம்மா மாதக் கடைசியில் போவதாக டிக்கெட் போட்டிருந்தார்கள். ஒருநாள் காலையில் மருமகன் கிருபாசங்கர் கூப்பிட்டார். கொதிப்பு ஏறிக்கொண்டே போகிறதாம், நாளை மதியமே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கிறார்களாம், அத்தையை விடிகாலை விமானத்தில் ஏற்றிவிடச் சொன்னார். வீடியோவில் நவ்யாவின் முகம் ஊதிப்போயிருந்தது. தலை விண்விண்ணென்று தெறிக்கிறது என்றாள்.

தேதி மாற்ற மூவாயிரம் என்று முதலில் காட்டிய டிக்கெட் கம்பெனி, கடைசிப் பக்கத்தில் பதினான்காயிரம் கேட்டது. சேவைக் கட்டணத்தை இரண்டு தடவை போட்டிருந்தார்கள். நியாயம் சென்னகேசவன் பக்கம்தான், இன்றைக்கும் சொல்வேன். போனை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. கம்பெனியில் ஒவ்வொருவராக மாற்றி மாற்றிவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னார். நானே கட்டிவிடுகிறேன் என்றேன். கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

பங்காரம்மா புறப்படக் கட்டிய சேலையோடு வாசற்படியில் நின்றார். “இப்பக் கட்டிப்போடுங்க. சண்டைய அப்புறம் போட்டுக்குலாம்.”

“கட்டிப்போட்டா அப்புறம் ஒருத்தனும் பேச மாட்டான் அம்மணி.”

சாயங்காலம் கம்பெனிக்காரர்கள் இறங்கிவந்தார்கள். மூவாயிரமே போதும் என்றார்கள். அதற்குள் அந்த விமானத்தில் இடம் தீர்ந்துபோயிருந்தது. கொச்சி, சென்னை என்று தேடியும் மறுநாள் ராத்திரிக்கு முன்னால் எதுவும் அகப்படவில்லை. அந்த மனுசன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விடிந்ததும் மனசு கேட்காமல் மறுபடி போனேன். நவ்யா போனில் இருந்தாள்.

“அம்மா பிளேன் ஏறிருச்சுங்களாப்பா?”

அவர் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. “ஏறிப்போட்டா கண்ணு. நீ பயப்படாத.”

பயந்தால் கொதிப்பு இன்னும் ஏறும் என்று நினைத்துச் சொல்லிவிட்டார். பங்காரம்மா எழுந்து உள்ளே போனார். மருமகனிடமாவது உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். ஆபரேஷன் முடியட்டும் என்றார் சென்னகேசவன்.

விமானம் இறங்குகிற நேரம் தாண்டிக் கிருபாசங்கர் கூப்பிட்டார். ஏர்போர்ட்டிலிருந்து.

“எல்லாரும் வெளிய வந்துட்டாங்க மாமா. அத்தையக் காணமுங்களே.”

சென்னகேசவன் வாய் திறப்பதற்குள், ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி மருமகன் போனை வைத்துவிட்டார். நவ்யாவுக்கு வலிப்பு வந்திருந்தது. அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தையை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது.

அங்கிருந்த மலையாள நர்ஸ் பிறகு கிருபாசங்கரிடம் சொன்னாளாம். கண் இருட்டுகிறது என்றதுமே, வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா என்று அவள் கேட்டிருக்கிறாள். நவ்யாதான் வேண்டாம் என்றிருக்கிறாள். அம்மாவுக்குப் பாஷை தெரியாது, இறங்கித் தனியாக நிற்கும், அவர் ஏர்போர்ட்டிலேயே இருக்கட்டும் என்றாளாம்.