சிவப்புப் பொட்டு வைத்த கட்டை

கொன்ஸ்ரன்ரைன் ஒரு பிடிவாதக்காரர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் சொல்வதற்கு இங்கே ஒன்றும் இல்லை. முல்லைத்தீவுக் கரையில் சிலாவத்தையில் வீடு. படகு எஞ்சின்களைத் திருத்துவது தொழில். மண்ணெண்ணெய் கண்ணிலும் காணக் கிடைக்காத நாட்களில் எதை எதையோ கலந்து ஊற்றி, எஞ்சினை இருமி இருமியாவது ஓட வைத்த கெட்டிக்காரர். அப்படிப்பட்ட மனிதர் தன் வீட்டுக்குள்ளேயே நான்கு வருடம் ஏமாந்துபோய் இருந்தார்.

தொண்ணூறாம் ஆண்டு, பாதை திறந்து கிடந்த அந்தக் கொஞ்ச மாதங்களில், அவரும் மனைவி யூலிற்றாவும் ஒரு கீபோட் வாங்கக் கொழும்புக்குப் போனார்கள். கோயில் பாடல் குழுவில் ஆர்மோனியம் வாசித்த கை அவருடையது. கீபோட்டைக் கண்டதும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. கடையில் இரண்டு இருந்தன. ஒன்று பெரியது, அறுபத்தொரு கட்டை, கரண்டில் மட்டும் பாடும். மற்றது சின்னது, நூறு விதமான சத்தம், ஆறு பற்றரி போட்டாலும் பாடும். அவர் பெரியதை விட்டு நகரவில்லை.

“இஞ்சேருங்கோ, எங்கட பக்கம் கரண்டு நிண்டுபோனா இதில என்ன செய்யப் போறீங்கள்? உடுப்பு மடிச்சு வைக்கப் போறீங்களோ?” என்றாள் யூலிற்றா.

கடைக்காரன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பின் கோபத்திலேயே அவர் சின்னதை வாங்கினார். அடுத்த மாதமே சண்டை தொடங்கியது. கரண்டு போனது போனதுதான். யூலிற்றா அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டாததுதான் அவரை அதிகம் சுட்டது.

மகள் யதுசாவை நித்திரையாக்க யூலிற்றா தானே கட்டிய பாட்டு ஒன்று இருந்தது. நண்டு வளைக்குள் போகிறது, வள்ளம் கரைக்கு வருகிறது, நீ மட்டும் ஏன் இன்னும் முழித்திருக்கிறாய் என்று கேட்கிற பாட்டு. அதற்கு அவர் கீபோட்டில் கை வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் தொடங்குவார்.

“நீங்கள் அங்க தொடங்கினா நான் பாடுறதோ, கத்துறதோ?” என்று ஒரு நாள் எழும்பிப் போய், மகள் நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூற்றெக்ஸ் போத்தலை எடுத்து வந்து, தன் குரல் தொடங்கும் கட்டையில் ஒரு பொட்டு வைத்தாள். “இனி மறக்க மாட்டீங்கள்.”

தொண்ணூற்றைந்தில் சண்டை ஓய்ந்திருந்த சில மாதங்களில் நான்கு புதுப் பற்றரிகள் கிடைத்தன. அவற்றைக் கசற் றேடியோவில் போட்டு அந்தப் பாட்டைப் பதிந்தார். வாத்தியம் ஏதுமில்லை, அவள் குரல் மட்டும். வாசிப்பைப் பிறகு சேர்க்கலாம் என்று நினைத்தார். தொண்ணூற்றேழு மாரியில் யூலிற்றாவுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் அவள் இல்லை. அடுத்த வருடம் யதுசாவும் வவுனியா, கொழும்பு என்று போய், ஜேர்மனியில் இருந்த சித்தியிடம் சேர்ந்தாள். கொன்ஸ்ரன்ரைன் ஒரு கோப்பையும் ஒரு கதிரையும் போதுமான மனிதராக ஆனார்.

பற்றரி கொண்டுவர இராணுவம் தடை போட்டிருந்ததால் அந்த நாட்களில் வன்னி முழுக்கச் சைக்கிள் டைனமோவில்தான் பாட்டுக் கேட்டது. அவரும் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின் சில்லில் படவிட்டு, வயரை றேடியோவுக்குக் கொடுத்தார். றேடியோ எரிந்துவிடக் கூடாதே என்று இடையில் ஒரு பல்பையும் போட்டார். பின்னேரங்களில் ஏறி இருந்து ஆறுதலாக, மெதுவாக மிதிப்பார். யூலிற்றா பாடுவாள். வேறு ஒரு குரலும் அந்த வீட்டில் கேட்பதில்லை.

இரண்டாயிரத்தொன்றில் யதுசாவின் கடிதம் வந்தது. கலியாணம் முற்றாகி, நாளும் குறித்தாகிவிட்டது. “அப்பா, நீங்கள் வரேலாது எண்டு தெரியும். அம்மாவின்ர பாட்டை உங்கட மியூசிக்கோட அனுப்புங்கோ. தாலி கட்டினாப் பிறகு அதைத்தான் போடப் போறன். எனக்கு இப்ப அம்மாவின்ர குரல் சரியா ஞாபகம் வருதில்லை.”

கடைசி வரியில் அவருக்குக் கோபம் வந்தது. பெற்ற தாயின் குரலை மறப்பாளா ஒருத்தி? எனக்கு மறந்துவிட்டதா என்ன?

அன்றைக்கே வேலையைத் தொடங்கினார். செத்த பற்றரிகளைக் குத்தி உப்புத் தண்ணீர் விட்டு, வெயிலில் காயவைத்து, பன்னிரண்டை ஒரு குழாய்க்குள் அடுக்கினார். கசற் மோட்டர் என்றால் அதை அரைப் பாட்டிலேயே குடித்து முடித்துவிடும். கீபோட்டுக்கு அரை மணித்தியாலம் தாங்கியது. கீபோட்டில் ஒரு நல்ல குணம், பலம் இருக்கும் வரை சுருதி மாறாமல் பாடும், பலம் போனால் சட்டென்று செத்துவிடும். நடுவில் இழுபறி கிடையாது.

நூறு சத்தத்தில் எண்பது வெறும் பகிடி. வயலின் என்று எழுதியிருந்தது காதுக்குள் நுளம்பு இரைவது மாதிரிக் கேட்டது. கடைசியில் ஓர்கன் சத்தத்தையும், இடையிடையே புல்லாங்குழலையும் தெரிந்தெடுத்தார். ஒன்றுதான் இடித்தது. சிவப்புப் பொட்டில் தொடங்கினால் கசற்றில் பாடுகிற குரலோடு சேரவில்லை. குரல் இரண்டு கட்டை கீழே நின்றது.

“மனுசி பிழையான கட்டையில பொட்டு வைச்சிட்டாள்” என்று தனக்குள்ளேயே சொல்லிச் சிரித்தார். பதினொரு வருடத்துக்குப் பிறகு அவளுக்கும் ஒரு பிழை அகப்பட்டதில் ஒரு சின்னச் சந்தோஷம்கூட. முழு வாசிப்பையும் இரண்டு கட்டை இறக்கிப் பழகினார். இரண்டு மாதம் பழகினார்.

பதிவதற்கு இன்னொரு கசற் றேடியோ வேண்டும். முத்தையன்கட்டில் வயல் செய்கிற செல்வநாயகத்திடம் அது இருந்தது. கருவாடு வாங்க வந்து பழக்கமான மனிதர். அவருக்குக் குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் செய்ய, இராணுவத்தின் பக்கம் இருந்த வவுனியாவுக்குப் போகப் பாஸ் கிடைத்திருந்தது, வெள்ளிக்கிழமை பயணம். கசற்றை அங்கிருந்து ஜேர்மனிக்கு அனுப்புவதும் அவர் பொறுப்பு. எங்கேயோ பிடித்த நான்கு புதுப் பற்றரிகளோடு வியாழன் மத்தியானம் வந்து இறங்கினார்.

“அண்ணை, ஒண்டு சொல்லிப்போட்டன். தடைமுகாமில கசற்றைப் போட்டுக் கேப்பாங்கள். பாட்டு மட்டும் இருக்கட்டும். கதை ஒண்டும் வேண்டாம். கதை இருந்தா பறிச்செடுத்துப் போடுவாங்கள்.”

“மகளுக்கு ஒரு சொல்லும் சொல்லேலாதோ?”

“ஒரு சொல்லும் வேண்டாம்.”

சரியென்று தலையாட்டிவிட்டு, செல்வநாயகத்தின் றேடியோ ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க யூலிற்றாவின் கசற்றை அதில் போட்டார்.

யாரோ பாடினார்கள். வேகமாக, மெல்லிய குரலில், சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுகிற மாதிரி.

“நிப்பாட்டும், நிப்பாட்டும்! உம்மட றேடியோ பழுது. விழுந்தடிச்சு ஓடுது.”

“புதுப் பற்றரி அண்ணை. வழியில பாட்டுக் கசற் கேட்டுக்கொண்டுதானே வந்தனான். இது சரியாத்தான் ஓடுது.”

கொன்ஸ்ரன்ரைன் கீபோட்டை இழுத்து, சிவப்புப் பொட்டு வைத்த கட்டையை அமத்தினார். கசற்றை முதலில் இருந்து விட்டார். குரலும் கட்டையும் ஒன்றாகி நின்றன. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

அவர் கதிரையில் இருந்துவிட்டார். நான்கு வருடமாகப் பின்னேரங்களில் அவர் கேட்டுக்கொண்டிருந்தது யூலிற்றாவை அல்ல. பல்பும் டைனமோவும் அவருடைய களைத்த காலும் சேர்ந்து கசற்றை மெதுவாக ஓட்டிச் செய்த யாரோ ஒரு களைத்த மனுசியை. எஞ்சின் திருத்துகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஒவ்வொரு நாளும் கேட்டுக் கேட்டு அதுதான் அவள் என்று ஆகிவிட்டது. மறந்தது யதுசா மட்டும் இல்லை. அழுதார். செல்வநாயகம் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பழகிய வாசிப்பெல்லாம் இனி உதவாது. பதிவதற்கு இரண்டு றேடியோவும் சேர்ந்து ஓட வேண்டும், நான்கு பற்றரி ஒன்றுக்குத்தான் காணும், எந்தக் கசற்றை எதில் போட்டாலும் மற்றது சைக்கிளில்தான் ஓட வேண்டும். பல்பைக் கழற்றி எறிந்தார். கீபோட்டைச் சைக்கிள் கைபிடியில் கட்டினார்.

“உரத்து மிதிக்கோணும் அண்ணை. எனக்கு இந்த வயித்தோட ஏலாது. பக்கத்தில ஆரையும் கூப்பிடுவமோ?”

“வேண்டாம். அவளை நான்தான் இறக்கினனான். நானே ஏத்திறன்.”

ஐம்பத்தெட்டு வயது. பொட்டுக் கட்டையை அமத்திக்கொண்டு மிதித்தார். குரல் கீழே இருந்து எழும்பியது. ஒரு கட்டை. இன்னும் மிதித்தார். பொட்டில் வந்து ஒட்டியது. அதை அங்கேயே நிறுத்த வேண்டும், நான்கு நிமிடம். முதல் இரண்டு முறையும் நடுவில் கால் விட்டது, குரல் சறுக்கியது. மூன்றாம் முறை செல்வநாயகம் தன் றேடியோவில் பதிவதற்கு அமத்தியபோது, ஓர்கனும் இல்லை, புல்லாங்குழலும் இல்லை என்று தீர்மானித்துவிட்டார். கை வேறெங்கும் போகாமல் அந்த ஒரு கட்டையிலேயே நின்றது. ஒரே ஒரு சுருதி. அதற்கு மேல் யூலிற்றா பாடினாள், நண்டு வளைக்குள் போனது, வள்ளம் கரைக்கு வந்தது. பாட்டு முடிந்ததும் அவர் கைபிடியில் சாய்ந்துவிட்டார்.

செல்வநாயகம் பதிந்ததைப் போட்டுக் கேட்டார்.

“நல்லா வந்திருக்கு அண்ணை. கடைசியில உங்கட மூச்சு இரைக்கிறதும் விழுந்திருக்கு. அதை அழிப்பமோ?”

“கதை இருக்கக் கூடாதெண்டுதானே சொன்னனீர்? அது கதை இல்லை. கிடக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை செல்வநாயகம் போய்விட்டார், றேடியோவும் பற்றரியும் அவரோடு போயின. சனிக்கிழமை பின்னேரம் வழக்கம்போலக் கொன்ஸ்ரன்ரைன் சைக்கிளில் ஏறி ஆறுதலாக மிதித்தார். அந்தக் களைத்த மனுசி பாடத் தொடங்கினாள். இனி அதைக் கேட்க அவரால் முடியவில்லை. பொட்டை அமத்திக்கொண்டு எழும்பி நின்று மிதித்தார். யூலிற்றா வந்தாள். ஒரு அடி பாடினாள், இரண்டாம் அடியும் பாடினாள். பிறகு மிதி தளர்ந்தது. அவள் ஒரு கட்டை இறங்கினாள், பிறகு இன்னொன்று. அவர் காலை எடுத்தார். விரல் மட்டும் பொட்டின் மேல் இருந்தது, குழாய்க்குள் இருந்த உப்புத் தண்ணீர்ப் பற்றரி சாகும் வரை அந்தக் கட்டை அவள் தொடங்கும் இடத்திலேயே நின்றது.